பூஜை வைத்த கணினிகள்

"கரண்டே ஒழுங்கா வராத எஸ்டேட்லேர்ந்து வந்த பிள்ள, எங்க கம்ப்யூட்டரையெல்லாம் மாத்தப் போறியோ?"

ஆசிரியர் அறையில் அத்தனை பேரும் கேட்கும்படி தமிழ் டீச்சர் இதைக் கேட்டார். "மழை இல்லன்னா வரும் டீச்சர்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன ஆள் நான்தான். திருவனந்தபுரத்தில் கணினிப் படிப்பை முடித்து, கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே எல்லாம் மலையாளமும் ஆங்கிலமும்தான். சாலைக் கடைத்தெருவின் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழ் ஒரு பாடமாக இருந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரரான அந்த டீச்சர் ஒருவர்தான் அதை நடத்தினார்.

பள்ளியின் கணினிகள் அவியல் மாதிரி கிடந்தன. ஆய்வகத்தில் பாதி லினக்ஸ், பாதி பழைய விண்டோஸ். அலுவலகத்தில் இன்னொரு வகை. பலதும் யாரோ எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டவை. ஒன்றிலிருந்து அனுப்பினால் இன்னொன்றின் பிரிண்டர் எடுக்காது. வைரஸ் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் காசில்லாமல் முறையாகவே போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று தலைமை ஆசிரியையிடம் மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஆசிரியர் கூட்டத்தில் பேசச் சொன்னார். இனி இந்தப் பள்ளியில் திருட்டுப் பிரதி ஒன்றுகூட இருக்காது என்று அங்கே சொன்னேன். டீச்சர் எஸ்டேட் கரண்டைப் பற்றிக் கேட்டது அதற்கு மறுநாள்.

மாற்றுவதற்கு நான் தேர்ந்தெடுத்தது பூஜை விடுமுறையை. அந்த நாட்களில் புத்தகத்தையும் பேனாவையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலை எடுக்கும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். எங்கள் பள்ளியில் கணினிகளுக்கும் சந்தனம் வைத்து, மவுஸ் மேல் ஒரு செம்பருத்திப் பூவும் வைப்பார்கள். ஆள் தொடாத நாட்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன. பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கணினியாக அழித்து, புதியதைப் போட்டு, பூவைத் திரும்ப வைத்தேன்.

விஜயதசமி அன்று தலைமை ஆசிரியை முதல் கணினியில், எழுத்தைத் தொடங்கும் நாளுக்குரிய ஹரிஸ்ரீ தட்டினார். அவருடைய மலையாளச் சுற்றறிக்கைகள் திறந்தன. ஆங்கிலத் தாள்கள் திறந்தன. எல்லாக் கணினியிலிருந்தும் ஒரே பிரிண்டரில் அச்சு வந்தது. கை தட்டினார்கள். நான் அம்மாவுக்கு போன் செய்து, முடிந்தது என்றேன். என்ன முடிந்தது என்று அம்மா கேட்கவில்லை. "சாப்பிட்டியா" என்றாள்.

திங்கட்கிழமை காலை தமிழ் டீச்சர் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். திரையில் அவருடைய பத்தாம் வகுப்பு வினாத்தாள். வியாழக்கிழமை தேர்வு. தாள் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் சதவீதக் குறிகளுமாக இருந்தது. இன்னொரு கோப்பைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

"பூஜை வச்ச மிஷின நீ தொட்டேல்லா" என்றார் டீச்சர்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அவர் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வந்திருக்கிறார். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த எழுத்துருவின் வேலை. கோப்புகளை ஒன்று விடாமல் பிரதி எடுத்திருந்தேன். எழுத்துருவை எடுக்கவில்லை. அது இருந்த இடத்தை அழித்ததும் நான்தான்.

அதைவிட உறுத்தியது வேறு. மலையாளத்தில் சோதித்தேன், ஆங்கிலத்தில் சோதித்தேன். லயத்தில் பேசிய, அம்மாவிடம் பேசுகிற தமிழில் ஒரு கோப்பைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. பள்ளி என்றால் மலையாளம் என்று எனக்கே பழகிப்போயிருந்தது.

வினாத்தாளை மட்டும் புதிதாகத் தட்டித் தருகிறேன் என்றேன். "பன்னெண்டு வருஷத்து நோட்ஸையும் சேத்துத் தட்டுவியோ?" என்றார்.

தலைமை ஆசிரியை நீளமாகப் பேசுகிறவர் அல்ல. "புதனாழ்ச்ச உச்சயோடே டீச்சர்க்கு எல்லாம் வாயிக்கான் பற்றணம். இல்லெங்கில் பழயது தன்னெ மதி" என்றார். புதன் மதியத்துக்குள் சரியாகவில்லையென்றால் மொத்தப் பள்ளியும் பழையபடி.

டீச்சரிடம் ஒரு வழி இருந்தது. சாலைக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடையில் அதே எழுத்துரு இருக்கிறதாம். "பென்டிரைவ கொண்டு போ. அஞ்சு நிமிஷம்." அன்று மாலையே போனேன். கடைக்காரர் கேட்டவுடன் திறந்து காட்டினார். இதற்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். "தங்கச்சி, இந்தத் தெருவுல யாருகிட்ட இருக்கு?" என்றார். கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியம் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. வெறும் கையோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் டீச்சர் என்னைத் திட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு அவருடைய பழைய அச்சுத் தாள்களைக் கேட்டேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதியை பீரோவில் வைத்திருந்தார். அச்சில் உள்ள எழுத்தை அவர் வாசிக்க, அதே இடத்தில் திரையில் என்ன குறி இருக்கிறது என்று நான் குறித்துக்கொண்டேன். அவருக்கு வகுப்பில்லாத நேரமெல்லாம் இதுதான் வேலை. கிரந்த எழுத்துகள் கிடைக்காமல் ஒரு மணி நேரம் போயிற்று. அட்டவணை ஒப்பேறியதும், குறிகளைத் தமிழாக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதி ஓட்டினேன்.

தமிழ் வந்தது. ஆனால் கொம்புகள் எல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் எழுதுவதுபோல முதலில் கொம்பைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவது பழைய முறை. புதியதில் எழுத்து முதலில் வரவேண்டும்.

டீச்சர் திரையைப் பார்த்தார். "என் நாலாம் கிளாஸ் பிள்ளேளு இத விட நல்லா எழுதும்" என்றார்.

புதன் காலை ஒன்பதரைக்குக் கொம்புகள் இடம் மாறின. அச்செடுத்த தாளை டீச்சர் சிவப்புப் பேனாவோடு வாசித்தார். தலைமை ஆசிரியை வாசலில் நின்றிருந்தார். முதல் பக்கத்தில் இரண்டு வட்டம். திருத்தி மறுபடி ஓட்டினேன். இரண்டாம் அச்சில் ஒரு வட்டம். மூன்றாவதில் பேனா கடைசி வரிவரை இறங்கி, தாளில் படாமல் நின்றது.

"இருபத்தி மூணாவது கேள்வி தப்பு" என்றார் டீச்சர்.

நிரலை மறுபடி திறந்தேன்.

"ஒன் தப்பு இல்ல. நான் போன வருஷமே தப்பாத்தான் கேட்டிருக்கேன்" என்று அதை அவரே தட்டித் திருத்தினார். பிறகு பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். தலைமை ஆசிரியை தன் அறைக்குப் போனார். பழையதைத் திரும்பப் போடும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்த அட்டவணையையும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டேன். பிறகு பொன்முடி போகும் வழியில் வித்துராவுக்கு மேலே நான் படித்த பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். அங்கே மூன்று பழைய கணினிகள் துணி போர்த்திக் கிடக்கின்றன. வரச் சொல்லிப் பதில் வந்தது. மாற்றுவதற்கு முன் திறந்து பார்க்கவேண்டிய கோப்புகளின் பட்டியலை, முதல் வரியில் தமிழ் என்று எழுதி, நேற்றே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். தமிழ் டீச்சர் தன் பழைய கோப்புகளோடு, ஒப்பிட்டுப் பார்க்க அச்சுத் தாள்களில் ஒரு கட்டையும் சோதனைக்கென்று கொடுத்திருக்கிறார். அது இப்போது என் பையில் இருக்கிறது.