பதினோராம் ரூமில் முடியாத பாட்டு

ரிசார்ட்டில் ஒவ்வோர் அறைக் கதவுக்கும் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் அட்டையைச் செருகினால்தான் அறைக்குக் கரண்டு வரும். தங்க வந்தவர்கள் வெளியே சுற்றப் போகும்போது தங்கள் அட்டையை உருவிக்கொண்டு போவார்கள். பிறகு புஷ்பலதா தள்ளுவண்டியோடு வந்து, கழுத்தில் தொங்கும் தன் அட்டையைச் செருகுவாள். விளக்கு எரியும். கெய்சரின் சிவப்புப் பொட்டு எரியும். டிவியும் தானாக விழித்துக்கொள்ளும். முந்தின இரவு அதில் கடைசியாக ஓடியது எதுவோ, அது திரையில் வந்து நிற்கும். ரிமோட்டின் நடுப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் பாட ஆரம்பித்துவிடும்.

அழுத்தக் கூடாது என்பது விதி. ரிமோட்டைத் துணியால் துடைத்து, டிவியை அணைத்து, மேசையின் வலது ஓரத்தில் வைக்க வேண்டும். ஆறு வருஷமாகப் புஷ்பலதா துடைத்தாள், அணைத்தாள், வலது ஓரத்தில்தான் வைத்தாள். நடுவில் அழுத்தவும் செய்தாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஊர் செம்மநத்தம். ரிசார்ட் வேலைக்கு முன் பதினெட்டு வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். பறிக்கிற வரிசையில் வேதக்காரப் பெண்கள் மாதா கோயில் பாட்டு பாடினால் அவர்களோடு பாடுவாள். சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கும்போது ஊர்ப் பெண்கள் பாடினால் அதிலும் சேர்ந்துகொள்வாள். "இவ எந்தச் சாமிக்கும் பாடுவா, கூலி மட்டும் யாருகிட்டயும் விடமாட்டா" என்று வரிசையில் கேலி செய்வார்கள். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி இடது முழங்கால் போனது. அதன் பிறகுதான் ரிசார்ட்டில் சேர்ந்தாள். இங்கே சரிவு இல்லை, மாடிப்படி இருந்தது.

டவுனில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரவீனுக்கு அவளை நன்றாகத் தெரியும். மெமரி கார்டில் பாட்டு ஏற்றப் போனபோது முதலில் குழம்பியவன் அவன்தான்.

"அம்மன் பாட்டுங்களா, இயேசு பாட்டுங்களா, குத்துப் பாட்டுங்களா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் ஏத்துங்க."

"அப்படி யாரும் கேக்க மாட்டாங்களே?"

"நான் கேக்கறனே."

ஏற்றி வந்ததைக் கேட்கத்தான் நேரம் இல்லை. வேலைக்குப் போனதும் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். உலை வைத்து, சோறு போட்டு, பாத்திரம் கழுவிப் படுத்தால் இரண்டாவது பாட்டுக்குள் தூங்கிவிடுவாள். அவள் விழித்திருக்கும்போது பாட்டுக் கிடைத்தது ரிசார்ட் அறைகளில் மட்டும்தான்.

ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிஷம். பெங்களூர்ப் பையன்கள் தங்கினால் நெஞ்சு அதிர்கிற தாளம். வடக்கத்திக் குடும்பமென்றால் ஒருவர் ஆர்மோனியத்தோடு பாட, பின்னால் பத்துப் பேர் கைதட்டித் திரும்பச் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தங்கிய ஒன்பது நாளும் பியானோதான். எதன் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஏழாம் ரூம் கைதட்டு, மூன்றாம் ரூம் பியானோ என்று எண்ணை வைத்துத்தான் ஞாபகம். செக்லிஸ்ட்டில் கட்டில் முதலில், பாத்ரூம் கடைசியில். அவள் அதைப் பாட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வாள். தாளம் ஓடினால் கட்டில். விரிப்பை உதறி மூலை மடிக்க அது தோதாக இருக்கும். ஒற்றைக் குரல் பாடினால் கதவைத் திறந்து வைத்துவிட்டு முதலில் பாத்ரூம். டைல்ஸ் சுவர்கள் அந்தக் குரலை வாங்கிக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தரும்.

போன நவம்பரில் பதினோராம் ரூமுக்கு ஓர் அம்மாள் தனியாக வந்தார். அறுபது வயதிருக்கும். வந்த மறுநாள் புஷ்பலதா பட்டனை அழுத்தியபோது திரையில் ஒருவர், பெரிய வயலின் மாதிரி ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுத்துக்கொண்டிருந்தார். வார்த்தை கிடையாது. கீழே இருந்த எழுத்து கட்டம் கட்டமாக, என்ன பாஷை என்றே தெரியாததாக இருந்தது. எண் மட்டும் படிக்க முடிந்தது. மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம்.

அந்த வாசிப்பு மேலேயிருந்து நாலு படி இறங்கும். நின்று யோசிக்கும். மறுபடி மேலே போய், முன்பைவிட ஒரு படி கூடுதலாக இறங்கும். எங்கே போய் உட்காரப் போகிறது என்று அவள் காத்திருந்தாள். இருபத்தைந்து நிமிஷம் முடிந்தது. அது இன்னும் உட்காரவில்லை. அவள் அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் முதலிலிருந்துதான் ஓடியது, நடுவிலிருந்து ஓட்ட அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

மூன்றாம் நாள் பதினோராம் ரூம் ஷீனாவின் பட்டியலுக்குப் போய்விட்டது. ஷீனாவுக்கு இருபத்து மூன்று வயது. சேர்ந்து மூன்றாவது மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையிலேயே ரெஜிஸ்டரில் பதினொன்றுக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

"கண்ணு, பதினொன்ன நான் பாக்கறேன். உன்ற நாலாம் ரூமு செக்-அவுட்டையும் நானே பாத்துக்கறேன்."

"ஏனுங்க்கா, நாலுல கொழந்தைங்க கட்டில் பூரா சாம்பார ஊத்தி வெச்சிருக்குதுங்களாம். நெசமாத்தான் சொல்றீங்களா?"

"சாம்பார் எனக்குப் புதுசா?"

"அப்படிப் பதினொன்னுல என்னங்க இருக்குது, தங்கமா?"

"கால் வலிக்குது கண்ணு. அதுக்கும் நாலுக்கும் படி ஏற வேண்டாம். மாடியில என்ற ரூமு ஒன்ன நீ பாத்துக்க."

ஷீனா நம்பினாள். புஷ்பலதா நாலாம் ரூமை முதலில் முடித்துவிட்டு, பதினொன்றில் நுழைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பட்டனை அழுத்தினாள். இருபது நிமிஷத்தில் எல்லா வேலையும் முடிந்தது. பிறகு துடைத்த கண்ணாடியையே துடைத்தாள். இருபத்தைந்து ஆனது, முப்பது ஆனது. வாசிப்பு மேலே ஏறி, இறங்கத் தொடங்கியது. திரையில் முப்பத்தொன்று என்று எண் வந்தபோது கரண்டு போனது.

ஜெனரேட்டர் பிடிக்க அரை நிமிஷம் ஆனது. டிவி மறுபடி விழித்தது. அழுத்தினாள். முதலிலிருந்து ஓடியது. மூன்று நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அணைத்தாள்.

மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் ஜெப்சன், அன்று அறை வேலையில் இருந்த புஷ்பலதாவையும் ஷீனாவையும் துணி அடுக்குகிற அறைக்குக் கூப்பிட்டான். அந்த அம்மாள் வியூ பாயின்ட்டில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்திருக்கிறார். போனோடு இணைத்திருந்த தன் அறை டிவியில் தன் பாட்டு ஓடியதாக அதில் காட்டியிருக்கிறது, அதுவும் இரண்டு தடவை. அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று பயந்து திரும்பி வந்து ரிசப்ஷனில் புகார் சொல்லியிருக்கிறார்.

"ஷீனா, பதினொன்னு உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க சார். ஆனா டிவிய நான் தொடவே இல்லைங்க."

"பின்ன பேயா தொட்டுச்சு?"

ஷீனா புஷ்பலதாவைப் பார்த்தாள். ரூமை மாற்றிக்கொண்டதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. புஷ்பலதா அடுக்கியிருந்த துண்டுகளையே மறுபடி அடுக்கினாள்.

"அஞ்சு மணிக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லைன்னா கையெழுத்துப் போட்டவங்கதான் நாளைக்கு வரத் தேவையில்லை" என்றான் ஜெப்சன்.

அவளுக்கு இரண்டு அறை பாக்கி இருந்தது. பதின்மூன்றிலும் பதினாலிலும் டிவியை அணைத்துவிட்டு வேலை செய்தாள். கட்டில் முதலில், பாத்ரூம் கடைசியில். வழக்கத்தைவிட நேரம் அதிகமாகப் பிடித்தது. விரிப்பின் மூலையை மடிக்கக் குனிந்தபோது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டில் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள். ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது ஜெப்சனின் மேசைக்குப் போனாள்.

"ஏனுங்க சார், பட்டன அழுத்துனது நானுங்க. ஷீனாகிட்ட ரூமை மாத்திக்கிட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க? நீங்க எதுக்கு?"

"பாட்டுக் கேக்கத்தானுங்க."

"என்ன பாட்டு?"

"தெரியலீங்க. ஒருத்தரு பெரிய வயலின முழங்காலுக்கு நடுவுல வெச்சு இழுக்கறாரு. வார்த்தை இல்லீங்க."

"வார்த்தையே இல்லாத பாட்டுக்கா வேலைய விடப் பாக்கறீங்க?"

"அதையும் முழுசாக் கேக்கலீங்க சார்."

ஜெப்சனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சரி, இதுதான் மொதத் தடவைன்னு எழுதிக்கறேன்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். "ஆறு வருசமுங்க" என்றாள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "உங்கள நான் எப்படிக்கா காப்பாத்தறது?"

வேலை போகவில்லை. அறைகள் போயின. மறுநாளிலிருந்து அவளை லாண்டரிக்கு மாற்றினார்கள். அது கட்டிடத்துக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கிறது. சமையல் கட்டுக்கும் கீழே. மூன்று பெரிய மெஷின்கள் ஓடும் சத்தத்தில் எது சொன்னாலும் இரண்டு தடவை கத்த வேண்டும். அங்கே பத்து வருஷமாக இருக்கும் மாதம்மாள் கத்துவதைக்கூட விட்டுவிட்டாள், கைச்சாடைதான். அரைக் கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஷீனா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அழுக்குத் துணி மூட்டையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"கால் வலின்னு சொன்னீங்கல்ல?"

"காலும் வலிக்குது கண்ணு."

"அன்னிக்கு ரெண்டு மணி நேரம் என்ற உசுரே எங்கிட்ட இல்லீங்க்கா."

புஷ்பலதா விரிப்பை மெஷினுக்குள் திணித்தாள்.

ஆறாம் நாள் பதினோராம் ரூம் அம்மாள் காலி செய்துகொண்டு போனார். அவருடைய விரிப்பு, தலையணை உறை, துண்டுகளோடு ஷீனா கீழே வந்தாள். மெஷின் தண்ணீரை வடித்துவிட்டு நின்றிருந்தது. அடுத்த சுற்று தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்.

"நேத்துச் சாயங்காலம் துண்டு குடுக்கப் போனேங்க்கா. அந்தம்மா அதத்தான் கேட்டுட்டு இருந்தாங்க."

"பட்டன நீ தொடலியே?"

"நான் எதுக்குத் தொடறேன், ஒருக்காப் பட்டது போதாதா? வாசல்ல நின்னேன். அவங்க கண்ண மூடிட்டு இருந்தாங்க. முடியற வரைக்கும் நின்னேன்."

புஷ்பலதா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எப்படி முடிஞ்சுது?"

ஷீனா பாடிக் காட்டினாள். அவள் சர்ச்சில் கேரல் பாடுகிறவள், வரப்போவது கிறிஸ்துமஸ் மாதம். நாலு படி இறங்கியதும் அது துள்ளத் தொடங்கியது. அவளையும் அறியாமல் ஒரு கை தாளம் போட்டது. மாதம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு, அது கேரலு."

"அப்படித்தானுங்க வருது. நான் என்ன செய்யட்டும்?"

"பாட வேண்டாம். கடைசில எங்க நின்னுச்சு? நல்லாக் கீழ எறங்கிடுச்சா?"

ஷீனா கண்ணை மூடி யோசித்தாள். "இல்லீங்க்கா. எறங்கிட்டே வந்துச்சு. தரையத் தொடப் போகுதுன்னு நெனச்சேன். ஒரு படி மேலயே நின்னுருச்சு. அப்புறம் சத்தமே இல்ல."

மெஷின் ஓடத் தொடங்கியது. ஷீனா இன்னும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டு மேலே போனாள்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முதலிலிருந்து முப்பத்தோரு நிமிஷத்தையும் மனசுக்குள் ஓட்டி, ஷீனா சொன்னதை அதன் கடைசியில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். முதல் நாலு படி வந்தது. அதன் பின்னால் மெஷின் சத்தம் வந்தது. அதற்கும் பின்னால் கேரல் வந்து நின்றுகொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ரோட்டின் இரண்டாவது வளைவுக்குள் தூங்கிப்போனாள்.

"ஏனுங்க, செம்மநத்தம் வந்தாச்சுங்க, எறங்கலீங்களா?" கண்டக்டர் ஐயாக்கண்ணு தகரத்தில் தட்டினார்.

"இருங்க, எறங்கறேன்."

பஸ்ஸின் கடைசிப் படி எப்போதும் போலத் தரையிலிருந்து உயரமாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதில் நின்றாள். "பாத்துங்க்கா" என்றார் ஐயாக்கண்ணு. அவள் இடது காலை முதலில் இறக்கினாள்.