ஐந்தாம் நிரலை நீக்கியவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். எங்கள் பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் ஓட்டும் ரஹீம் தொலைபேசியில் அழைத்தார். அவர் அந்த நேரத்தில் அழைத்தால் ஒன்று டயரில் காற்றுப் போயிருக்கும், இல்லாவிட்டால் யாராவது ஒழுங்கையை மறித்து மண் கொட்டியிருப்பார்கள். "இண்டைக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

"சேர், தவமலர் அக்கா மோசம் போயிட்டா. அவவின்ர வீட்டுக்குத் தண்ணி குடுக்க வந்தனான். கதவு பூட்டிக் கிடக்கு, கூப்பிட்டும் சத்தமில்லை. பக்கத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து திறந்தம்..."

ஞாயிற்றுக்கிழமையே மாரடைப்பில் உயிர் போய்விட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திங்கட்கிழமை முழுவதும் அவருடைய கதிரை எனக்கு எதிரே வெறுமையாகக் கிடந்தது. லீவு போலும் என்று நினைத்தேன். சொல்லாமல் லீவு எடுக்கிற மனிசி இல்லை அவர். அது தெரிந்தும் ஒரு கோல் எடுக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமலர் எங்கள் சபையின் முகாமைத்துவ உதவியாளர். தர்மபுரம் பக்கத்தில் சின்னக் கல்வீடு ஒன்றில் தனியாக இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. நான் வேலையில் சேர்ந்த புதிதில், அவருடைய படிவமொன்றில் திருமண நிலை என்ற இடம் நிரப்பப்படாமல் இருப்பதைக் கண்டு பெரிய கெட்டிக்காரன் மாதிரி நீட்டினேன்.

"அவர் இல்லை எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லைத் தம்பி. இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை. நான் எதைப் போட?" என்று கேட்டார். கோபமில்லை, அழுகையுமில்லை. படிவத்தை வாங்கி அப்படியே கோவைக்குள் செருகினார். அதற்குப் பிறகு, யுத்தத்தில் காணாமல்போன அவருடைய கணவரைப் பற்றி அலுவலகத்தில் எவரும் கேட்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு, சபைகள் எல்லாம் திறந்த தரவுக் கொள்கை ஒன்றை உருவாக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சபையிடம் உள்ள தகவல்களைப் பொதுமக்கள் கேட்காமலே அவர்கள் பார்வைக்கு வைப்பதற்கான விதிகள். கடிதத்தோடு ஏதோ ஒரு பெரிய மாநகரத்தின் மாதிரி, நாற்பது பக்கம். இணையத்தளமாம், தரவு அதிகாரியாம், தனிக் கட்டடமாம். எங்களிடம் இருந்தது ஒரு கணினி. அதுவும் கரண்ட் இருந்தால்தான்.

நான் அந்த நாற்பது பக்கத்தையும் பார்த்துத் தட்டத் தொடங்கினேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"இதை ஆர் செய்யப் போகினம், நீரோ? விடும். கவுண்டருக்கு வாற சனம் என்னத்தைக் கேக்குது எண்டு ஒரு மாதத்துக்கு எழுதுவம். அதைத்தான் போடவேணும். கிழமைக்குக் கிழமை மாத்தேலாத ஒண்டையும் போடக்கூடாது. பழைய தகவலைத் தொங்கவிடுறது சனத்தைப் பேய்க்காட்டுற வேலை."

அப்படியே செய்தோம். சனம் கேட்டது தண்ணீர் பவுசர் எப்போது வரும், எந்தத் தெருவிளக்கைத் திருத்தப் போகிறார்கள், கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பவற்றைத்தான். இரண்டு பக்கத்தில் கொள்கை முடிந்தது. வாசலில் ஒரு பலகை, பஸ் தரிப்பிடத்தில் ஒரு பலகை, ஒரு வட்ஸ்அப் குழு. ஒவ்வொரு தாளின் அடியிலும் அதைத் தயாரித்தவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

தண்ணீர் வழங்கும் வீடுகளின் பட்டியலுக்கு அடியில் இருந்தது என்னுடைய பெயர்.

கிராம அலுவலரிடமிருந்து வந்த பட்டியலை எடுத்தேன், அச்சடித்தேன், ஒட்டினேன். வீட்டுக்காரரின் பெயர், ஒழுங்கை, தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. ஐந்தாம் நிரலில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்: ஆம் / இல்லை" என்று இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய நாள்தொட்டு எங்களிடம் வந்த உதவிப் படிவங்களில் எல்லாம் அந்த நிரல் உண்டு. கூரைத் தகரத்துக்கும் அது, ஆட்டுக்குட்டிக்கும் அது, கோழிக்கூட்டுக்கும் அது. பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது. சபையில் எத்தனை பேர் அந்தத் தாளைக் கடந்து போனோம்! அக்காவும்தான். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் கவுண்டருக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய்.

"ஆரோ ஒருத்தன் பின்னேரத்தில மோட்டச்சைக்கிள்ள வாறான் அக்கா. படலையில நிண்டு, தனியத்தானே இருக்கிறீர், துணைக்கு வரட்டோ எண்டு கேக்கிறான். போனிலயும் எடுக்கிறான். என்ர நம்பர் எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். உங்கட நோட்டிஸ் போட்டில ஒட்டின தாளில பாத்தவனாம்."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். பட்டியலைக் கிழித்து எடுத்தார். பஸ் தரிப்பிடத்துக்கும் நடந்தே போய் அங்கிருந்ததையும் கிழித்து வந்து என் மேசையில் போட்டார். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய வீட்டுக்கும் பவுசர்தான். தவமலர் என்ற பெயருக்கு நேரே, ஐந்தாம் நிரலில், "ஆம்".

வெட்கத்தில் எனக்குச் சண்டித்தனம் வந்தது. "இப்பிடி ஒவ்வொண்டா மறைச்சா இது என்ன திறந்த தரவு?" என்று குரலை உயர்த்தினேன்.

"சபை என்ன செய்யுது எண்டதை ஊர் பாக்கட்டும். ஆர் தனிய இருக்கினம் எண்டதை ஊர் பாக்கத் தேவையில்லை," என்றார். அந்த வசனத்தைத்தான் எழுத்துத் தமிழில் மாற்றி எங்கள் கொள்கையின் முதலாவது விதியாக வைத்திருக்கிறோம். பெயர்கள் போயின. எந்த ஒழுங்கைக்கு எந்த நேரம் பவுசர் வரும் என்பது மட்டும் மிஞ்சியது. சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், விபரம் குறைந்தால் உதவி தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்த்தார். விதி நிறைவேறும்வரை அக்கா கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

பிறகு ஸ்கூட்டியில் ஏறி, "ஆம்" என்று இருந்த வீடுகளுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டார். "நீரும் வாறீரோ?" என்று என்னையும் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை, அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கப் பயம்.

புதன்கிழமை செத்தவீடு. உறவென்று சொல்ல வவுனியாவிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட தம்பி வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்த, மருமகள் முறையான ஒருவர் வீடியோவில் அழுதார். பந்தலில் கதிரைகள் பாதிக்கு மேல் காலி. ஆனால் எனக்கு முகம் தெரியாத பெண்கள் சிலர் தனித்தனியே வந்து, தனித்தனியே இருந்தார்கள். அன்று கவுண்டருக்கு வந்த தாய் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார்.

"ஞாயிறு பின்னேரம் எண்டால் எனக்குக் கோல் எடுப்பா. கதவு பூட்டியாச்சோ, ஆரும் கரைச்சல் தாறாங்களோ எண்டு கேப்பா. இந்த ஞாயிறு எடுக்கேல்லை. வேலையாக்கும் எண்டு விட்டிட்டன் சேர்."

பின்கதிரையில் இருந்த பெண் தலையை உயர்த்தினார். "உங்களுக்குமோ? எனக்கு மட்டும்தான் எடுக்கிறவா எண்டு நான் நினைச்சனான்."

மூன்றாவது பெண் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. தான் போட்ட விதியை அவ்வளவு இறுக்கமாகக் காத்திருக்கிறார். அத்தனை பேரும் அந்த ஞாயிறு தொலைபேசியைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். எடுத்துப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எடுக்கிறவர் எப்போதும் அவர்தானே.

வெள்ளிக்கிழமை அவருடைய மேசை லாச்சியைத் திறக்க வேண்டி வந்தது. உள்ளே ஒரு சின்னக் கொப்பி. பெயர், இலக்கம், பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொரு வரி. "மகளுக்குக் காய்ச்சல்." "கதவுக்குக் கொண்டி போட்டாச்சு." "அவன் இப்ப வாறேல்லையாம்." பதினொரு பெயர்கள். நான் ஒட்டிய அந்தப் பட்டியலைக் கோவையிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். "ஆம்" என்று இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். கொப்பியில் இல்லாத பெயர் அவருடையது.

போயிட்டு வாங்கோ அக்கா. ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில சும்மாதான் இருந்தனான்.