எப்சி கேட்காத ஏலம்

இஸ்ரவேல் அண்ணாச்சி வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் தலை நரைக்கும்வரை துணி கிழித்துக் கொடுத்தவர். பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி எப்சி போன மாசியில் இறந்த பிறகு, அந்த வீட்டில் ஒருவருக்கான சத்தம்தான் கேட்கிறது.

அவர்களிடம் ஒரு ஒட்டுப்போர்வை உண்டு. விடுதிப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த எப்சியின் பெரியம்மா, வெட்டுத் துணிகளைப் பல வருடம் சேர்த்துக் கல்யாணத்துக்குத் தைத்துத் தந்தது. நடுவில் எட்டு முனை நட்சத்திரம். சுற்றிலும் தேன்கூடு போல அறுகோணத் துண்டுகள். ரோஜா மொட்டுப் போட்ட சீட்டி, எத்தனை வெளுப்புக்கும் அசையாத சிவப்பு, பள்ளிப் பாவாடையின் நீலக்கோடு, முடிச்சுப் போட்ட இடம் இன்னும் விரலில் தட்டுப்படும் சுங்குடி. நைந்த துண்டுகளை எப்சி மாற்றிக்கொண்டே வந்தார். அப்படி ஓரத்தில் ஏறியதுதான் அண்ணாச்சியின் பழைய சட்டைத் துண்டு. மற்ற கோடெல்லாம் நெட்டுக்கு ஓட, அது மட்டும் குறுக்கே ஓடும்.

“ஒங்கள மாதிரியே இருக்கட்டும்னுதான் அப்படி வச்சேன்” என்பாராம்.

எங்கள் வேதக்கோயிலில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருட்களை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எப்சி வருடந்தோறும் இந்தப் போர்வையைக் கொண்டுபோய் வைப்பார். அண்ணாச்சி ஆண்கள் பக்கமிருந்து கேட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் பெண்கள் பக்கமிருந்து விலையை ஏற்றுவதும் எப்சிதான்.

“துணி தெரிஞ்ச ஆளு கேக்க வெலையா இது?”

“ஏட்டி, நம்ம வீட்டுப் போர்வைட்டீ!”

“வச்சாச்சுல்லா, இப்பம் கோயிலுக்குள்ளது. கூடக் கேளுங்க!”

முற்றமே சிரிக்கும். மூன்றாவதாக வேறு யாரும் வாய் திறந்ததில்லை.

இந்த வருடம் போர்வையை அவரே சுமந்துவந்தார். ஏலம் கூறும் ஜெய்சனிடம் மெதுவாகச் சொன்னதைப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

“நான் கேக்க மாட்டேம்லே. யாரு கேட்டாலும் குடுத்திரு. ஒவ்வொரு துண்டா தடவிக்கிட்டு ஒறங்க முடியல.”

பூசணிக்காய் போனது, சேவல் போனது. ஜெய்சன் போர்வையை விரித்துப் பிடித்தார். வெயில் பட்டதும் அந்தச் சிவப்பு பளிச்சென்று எழுந்தது.

“நூறு ரூவா, யாரு கேக்கியோ?”

யாரும் கேட்கவில்லை. பிடிக்காமல் இல்லை, பெண்கள் பக்கத்துக் கண்ணெல்லாம் அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அது அண்ணாச்சியின் போர்வை. அவர் கேட்கட்டும் என்று எல்லாரும் விட்டுக்கொடுத்து நின்றார்கள். ஜெய்சன் திரும்பத் திரும்பக் கூறினார். தலைகள் ஒவ்வொன்றாக அண்ணாச்சி பக்கம் திரும்பின.

அவர் தரையைப் பார்த்தபடி, “நூறு” என்றார்.

“நூறு ரூவா ஒருதரம்… ரெண்டுதரம்…”

அண்ணாச்சி நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை சிணுங்கியது. வேறு சத்தமில்லை.

“எரநூறு” என்றார்.

ஜெய்சன் நிறுத்தினார். “அண்ணாச்சி, நூறும் ஒங்க கேள்விதான்.”

“தெரியும்லே. கூறு.”

“எரநூறு ஒருதரம்…”

“முந்நூறு.”

யாரும் சிரிக்கவில்லை. எப்சி நிறுத்தும் இடம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விலை வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் தரம் கூறியதும் போர்வையைத் தானே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் அது அவர் வீட்டுக் கொடியில் கிடந்தது. ஏலத்திலிருந்து வந்தால் சேவல் வாடை போக வெயிலில் போடுவது எப்சியின் வழக்கம். கொடியின் முழு நீளமும் அதற்கே வேண்டியிருந்தது. ஏற்கனவே காய்ந்துகொண்டிருந்த தன் இரண்டு சட்டைகளையும் ஓரத்துக்குத் தள்ளி, இடம் விட்டிருந்தார்.