சைகோன் நாற்காலி

நான் சைகோனுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னாலேயே எனக்கான நாற்காலி கோவிலுக்குப் போய்விட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்காமல் புரியாது. முப்பதுகளில் புதுச்சேரியில் எங்கள் மாதா கோவிலுக்குப் பூசை பார்க்க வருகிறவர்கள் இரண்டு ரகம். கால்சட்டையும் தொப்பியுமாக வருகிறவர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காருவார்கள். வேட்டிக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால் தரையில். நாற்காலியைக் கோவில் தராது. அவரவர் வீட்டில் செய்து கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வீட்டுப் பையன், எங்களைப் போலவே பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்த சைகோனில் உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறினால், அந்த வீட்டு நாற்காலி முன்வரிசைக்கு வந்துவிடும். பையன் கடலுக்கு அந்தப் பக்கம் வியர்வை சிந்திக்கொண்டிருப்பான்; அவன் அப்பா இந்தப் பக்கம் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பிரசங்கம் கேட்பார். நேற்றுவரை கூட உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். சர்வேசுரன் முன்னிலையில் நடக்கும் இந்தக் கூத்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

அந்தக் கூத்தில்தான் என் அப்பாவும் சேர்ந்தார். தேக்கில் கடைந்த கால், பிரம்பு பின்னிய இருக்கை, முதுகு சாயும் இடத்தில் சின்னச் சிலுவை. தச்சர் அதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு முழுக்க நடந்து கோவிலுக்குக் கொண்டுபோனார். அப்பா அவருக்கு முன்னால் நடந்தார். குறுக்குச் சந்தில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். அப்பா சுற்றிக்கொண்டு போனார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், நாற்காலியைப் போட்ட பிறகும் அவர் அதில் உட்காரவில்லை. பூசைக்கு வந்ததும் தோள் துண்டால் அதைத் துடைப்பார். பிறகு பின்னால் போய்த் தரையில் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று கேட்டேன்.

"நீ கப்பல் ஏறுடா. அன்னிக்கு உக்காந்துக்குறேன். இப்பவே உக்காந்தா ஊரு சிரிக்காதா?"

காலி நாற்காலியைப் பார்த்து ஊர் சிரிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா சுங்கத்தில் மூட்டை எடை பார்க்கிறவர். சாதி வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுகிறோம் என்று தாத்தா காலத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்ட குடும்பம் எங்களுடையது. அதனால் காகிதத்தில் நாங்கள் வெள்ளைக்காரனுக்குச் சமம். வேட்டி கட்டிக்கொண்டு கோவில் தரையில் உட்காருகிற சமம். அந்தக் காகிதம் புதுச்சேரியில் செல்லாக் காசு, சைகோனில் தங்கம். அங்கே அதைக் காட்டினால் வெள்ளைக்காரனுக்குக் கிடைக்கிற சம்பளம் கிடைக்கும் என்று சொன்னார்கள்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பிறவியிலேயே துறவி என்று நினைத்துவிடுவீர்கள். கல்லூரிப் படிப்பை முடித்து பக்கலொரேயா என்கிற பிரெஞ்சுப் பரீட்சையும் தேறியிருந்தேன். தேறி என்ன பிரயோஜனம்? கோரிமேட்டைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ராஜ்யம், அங்கே எங்கள் பிரெஞ்சுப் படிப்பை யாரும் சீந்த மாட்டார்கள். ஊருக்குள் இருந்த உத்தியோகங்களில் எல்லாம் யாராவது ஒருவருடைய மருமகன் உட்கார்ந்திருந்தான். நான் கடற்கரையில் நின்று, தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தேன். சைகோனில் இரவெல்லாம் விளக்கு எரியுமாம், நாடகக் கொட்டகையே அரண்மனை மாதிரி இருக்குமாம், தெருவோரம் மேசை போட்டுக் காப்பி குடிப்பார்களாம். எல்லாம் எனக்கும் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகன் சைகோனிலிருந்து விடுமுறையில் வந்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். அங்கே மார்க்கெட்டில் வரி வசூலிக்கும் உத்தியோகம். அவனுடைய மேலதிகாரியிடம் எனக்கும் சொல்லி வைத்திருந்தான். "ஊம்னு ஒரு வார்த்த சொல்லு, திரும்பிப் போறப்ப கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்று வந்த அன்றைக்கே சொன்னான். அதைக் கேட்டுத்தான் அப்பா தச்சரிடம் ஓடினார்.

அண்ணன் கடல்பாலத்தில் வந்து இறங்கிய கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளைவெளேரென்று கோட்டு, கால்சட்டை, சோலா தொப்பி. கையில் வாசனைத் தைலம் தெளித்த கைக்குட்டை. அந்தக் கைக்குட்டைதான் என் வயிற்றெரிச்சலுக்கு முதல் காரணம். தெருவில் நடந்தால் மூக்கில் வைத்துக்கொள்வான். மீன்காரி போனால் மூக்கில். எங்கள் வீட்டுக்கு வந்து கிணற்றடியைத் தாண்டும்போதும் மூக்கில். அவன் பிறந்து வளர்ந்த தெரு அது. அந்தச் சாக்கடையில் காகிதக் கப்பல் விட்டவன் அவன்.

"நீங்கல்லாம் எப்படித்தான் இந்த நாத்தத்துல இருக்குறீங்களோ!" என்பான். எங்கள் அம்மாவோ, "ஆமாம்ப்பா, அந்த ஊரு சுத்தமா இருக்குமில்ல" என்று, தப்பு தன்மேல் என்பது போல வாசலில் இன்னொரு குடம் தண்ணீர் கொட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாயங்காலம் அவனோடு கடற்கரையில் நடந்தேன். அந்த ஊரில் எப்படி வாழ்க்கை என்று நேராகக் கேட்டேன். முடிவு எடுக்கவேண்டியவன் நான்தானே.

"செலவுதான் ஊரு," என்றான். "எது தொட்டாலும் வெல. ஆனா நாம செலவு பண்ணித்தான் ஆகணும்."

"ஏன் ஆகணும்?"

"கோட்டு தெனம் ஒண்ணு மாத்தணும். சலவைக்கே பாதிக் காசு போயிடும். கடைக்கு நடந்து போவக்கூடாது, ரிக்‌ஷாவுலதான் போவணும். பொட்டலத்தைக் கையில தூக்கக்கூடாது, ஆள் வெச்சுத் தூக்கணும். தெருக்கடையில சோறு திங்கக்கூடாது."

"தின்னா என்னண்ணே?"

அவன் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "நம்ம நெறத்துக்கு அதெல்லாம் பண்ணா, நம்பளையும் அந்த ஊரு ஆளுன்னு வெள்ளக்காரன் நெனச்சிருவான்டா!"

எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான், துணிக்கடைக்கு மேலே ஒரு அறையில் புதுச்சேரி, காரைக்கால் பையன்கள் கூட்டமாகப் படுத்திருக்கிறார்கள். ஜன்னல் ஒன்று. அதில் கோட்டுகள் காயும். வெளியே போகும்போது வெள்ளைக்காரன், உள்ளே வந்தால் கோவணத்தோடு வரிசையாகப் படுத்திருக்கும் தமிழன். இதற்குத்தான் அவ்வளவு சம்பளமும். ஒரு மனிதன் தன் வருமானத்தையெல்லாம் கொட்டி, தான் அந்த ஊர் ஆள் இல்லை என்று தினம் நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வேறு மாதிரி இருந்துகொள்ளலாம், தெருக்கடையில் சோறு தின்னலாம், யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரியப்பா இளவயதிலேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு அவள் பெரிய கடை என்று நாங்கள் சொல்கிற மார்க்கெட்டில், வாசல் ஓரமாகச் சாக்கு விரித்துக் கீரை விற்றாள். முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. வரி வசூலிக்கிறவன் வரும் நேரம் பார்த்து இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வாள். அண்ணன் அந்தக் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் படித்தவன். மழையில் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அம்மாவும் மகனும் வீடு திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். அவன் சைகோன் போய்ச் சம்பளம் வந்த மாதமே அவள் சாக்கைச் சுருட்டிவிட்டாள். அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன்.

ஆட்டுக்கறிக் குழம்பு. அண்ணன், அப்பா, நான் மூவரும் இலை முன்னால். பெரியம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில். அண்ணன் உற்சாகமாக இருந்தான். உத்தியோகம் எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பாவனையில் ஆரம்பித்தான்.

"அந்த ஊரு பொம்பளைங்க இருக்காளுவளே, வரி கேட்டா சிரிப்பாளுங்க. நாளைக்குத் தரேன்னு கையால ஜாடை காட்டுவாளுங்க. மொதல்ல நானும் ஏமாந்தேன். அப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். பேசறதே இல்ல. பூட்ஸ் காலால கூடைய ஒரு ஒதை. அவ்வளவுதான்!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கெழவி சித்தப்பா, ஒதைச்ச ஒதையில எல்லாம் சேத்துல. அவ நாலு காலுல தவழ்ந்து பொறுக்குறா, நான் பின்னாலேயே போயி ஒவ்வொண்ணா மிதிக்கிறேன். அவ பொறுக்க, நான் மிதிக்க! மார்க்கெட்டே சிரிக்குது!"

அவள் தவழ்ந்ததைக் குனிந்து, சோற்றுக் கையைத் தரையில் ஊன்றிக் காட்டினான்.

அப்பா சிரித்தார். சும்மா புன்னகை இல்லை. தொண்டை திறந்து, புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார். "ஆளுன்னா இப்படி இருக்கணும்டா, கத்துக்க" என்று என் முதுகில் தட்டினார்.

பெரியம்மா கையில் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் கூடையில என்னப்பா இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"என்னமோ கீரம்மா. யாரு பாத்தா?"

அவள் மகன் இலையில் இன்னும் இரண்டு கறித் துண்டு எடுத்து வைத்தாள். பிறகு அப்பாவுக்கு, பிறகு எனக்கு. என் இலையில் குழம்பு விழுந்தது. எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். கறி கெட்டுவிட்டதோ என்று அம்மா பதறினாள். அண்ணன் உள்ளேயிருந்து, "கப்பல்ல என்ன பாடு படப்போறானோ!" என்று கத்தினான். அதற்கும் அப்பா சிரித்தது கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன், நான் போகவில்லை என்று.

அப்பா நின்றுவிட்டார். "நாற்காலி போட்டாச்சேடா" என்றார்.

சம்பளம் போச்சே என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நாற்காலி போட்டாச்சே என்றார். அந்தப் பிரம்பு இருக்கையில் அவர் உட்காருவதற்காக நான் போய் யாரோ ஒரு கிழவியின் கீரையை மிதிக்கவேண்டும். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அந்த நாற்காலிய அடுப்புல வெச்சு எரிங்க" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அண்ணன் கப்பல் ஏறினான். எனக்கென்று சொல்லி வைத்திருந்த இடத்துக்கு அடுத்த தெருப் பையன் ஒருவன் கூடப் போனான். அவன் வீட்டு நாற்காலி அடுத்த ஞாயிறே வந்தது, எங்களுடையதற்குப் பக்கத்தில். அவன் அப்பா அதில் உட்கார்ந்தார். எங்களுடையது காலியாக நின்றது. அதை எடுத்துவரவும் அப்பாவுக்கு முகம் இல்லை, உட்காரவும் வழி இல்லை. துடைப்பதையும் நிறுத்திவிட்டார். கோவிலைப் பெருக்கி விளக்கேற்றும் கோயில்பிள்ளை ஒருநாள் அதன்மேல் மெழுகுவர்த்திக் கட்டு ஒன்றை வைத்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆள் ஆளுக்கு, "பையன் எப்ப பொறப்படுறான்?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். தெரிந்துகொண்டே கேட்பார்கள். என்னவொரு பக்தியான ஜனங்கள்!

ஒரு மழைக்காலம் முழுக்க இது நடந்தது. அப்பா எடை பார்க்கிற நேரம் போக வீட்டில் பேச்சையே குறைத்துவிட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போதே நான் முன்வரிசைக்குப் போய் அந்த நாற்காலியைத் தூக்கினேன். தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூட்டம் வழி விட்டது. குறுக்குச் சந்து இருந்தது. நான் தச்சர் வந்த வழியாகவே, தெரு முழுக்க நடந்தேன். அப்பா எனக்குப் பின்னால் தள்ளி, எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல வந்தார்.

பெரியம்மா வீட்டைத் தாண்டும்போது அவள் வாசலில் நின்றிருந்தாள். என்னையும் தலையில் இருந்ததையும் பார்த்தாள்.

"கழுத்து நோவப்போவுது, எறக்கி வெச்சிட்டுக் கொஞ்சம் மோரு குடிச்சிட்டுப் போ" என்றாள். பிறகு அப்பாவிடமும், "நீயும் வாப்பா" என்றாள்.

நாற்காலியை வாசலில் இறக்கினேன். அவள் உள்ளே போனாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை வாசல் மூலையில் இருந்தது. அங்கே அவளுடைய பழைய கீரைக்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அன்னிக்கு அண்ணி எதிர்லயே நான் சிரிச்சேன், இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சிரிச்சீங்க" என்றேன்.

பெரியம்மா இரண்டு செம்பில் மோர் கொண்டுவந்தாள். அப்பா குடிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்து, தோள் துண்டை எடுத்து இருக்கையைத் துடைத்து, "உக்காருங்கண்ணி" என்றார். அவள் மாட்டேன் என்றாள். அப்பா மறுபடியும் துடைத்தார்.