வாசிப்புப் பயிற்சியில் ஒரு வெள்ளாடு

மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தாலும் எங்களை விடமாட்டார்கள். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியைகளுக்கு ஐந்து நாள் பயிற்சி உண்டு. அந்த வருடம் ஹெப்பாளில் ஒரு பள்ளியில் வைத்தார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்திருந்தோம். வெளியே, விடுமுறைக்காகக் காத்திருந்தாற்போல் சுவர்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி தர பெங்களூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். மணிக்கொரு போட்டோ அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. முதல் நாள் காலையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். கன்னடக் கதைப் புத்தகமாக இருக்கும் என்று திறந்தால், ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

“என்னுங்கக்கா இது? எழுத்தெல்லாம் தலைக்கு மேல குடை புடிச்சிட்டு நிக்குது!” என்று பக்கத்திலிருந்த அக்காவிடம் கேட்டேன். அவர் எங்கள் பள்ளியில் எனக்கு மூத்த ஆசிரியை, டவுன் அக்ரஹாரத்துக்காரர். எனக்கு எல்லையோரக் கௌதள்ளி, பதறினால் ஊர்த்தமிழ் வந்துவிடும்.

“சும்மா இரும்மா. எனக்கு மட்டும்தான் தெரியலையோன்னு கண்ணாடிய ரெண்டு தடவ தொடச்சிட்டேன்.”

பயிற்சியாளர் வெளியே போய் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து திரும்பினார்.

“பெட்டி மாறிடுச்சு. நம்ம பெட்டி நாளைக்குத்தான் வரும்,” என்றார் கன்னடத்தில். “ஆனா இன்னிக்குப் பாடம் என்ன? படிக்கத் தெரியாத குழந்தை முதல் தடவையா புத்தகத்தப் பாக்குறது. இதவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்குமா? படத்தப் பாத்து வாசிங்க. உணர்ச்சி வேணும்.”

முதலில் எழுப்பப்பட்டவள் நான். முதல் படத்தில் ஓர் ஆடு சோர்ந்து படுத்திருந்தது. அடுத்ததில் ஒருவர் அதன் வாயைப் பிளந்து பாட்டிலால் எதையோ ஊற்றினார். மூன்றாவதில் ஆடு துள்ளியது. வரிகளின் மேல் விரலை ஓட்டியபடி, தாயை இழந்த ஆடு ஒன்று பட்டினி கிடந்ததையும், நல்ல மனிதர் ஒருவர் கெஞ்சிக் கெஞ்சிப் பால் புகட்டியதையும் கன்னடத்தில் வாசித்தேன். கதை முடிந்தும் பக்கத்தில் நான்கு வரி மிச்சமிருந்தது. ஆகவே ஆட்டை இன்னும் கொஞ்சம் அழவைத்தேன். முன்வரிசையில் ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியாளர் அதையும் போட்டோ எடுத்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஏணியில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதிருக்கும், கம்பி வழியாக என் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அது கதெ அல்லா,” என்றார் உடைந்த கன்னடத்தில். “மேகெ... ஹொட்டெ... ஹுளு.”

ஆடு, வயிறு, புழு. அவர் ஒடிசாக்காரர், புத்தகம் அவர் மொழியில் இருந்தது. நான் உருகி உருகி வாசித்தது ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் முறை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்த டீச்சர் என்னை முறைத்தார். எனக்குப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பயிற்சியாளர் கொஞ்சமும் அசரவில்லை. பெயின்டரை உள்ளே அழைத்துக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார்.

நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. சாக்பீஸை பிரஷ் மாதிரிப் பிடித்து இரண்டு எழுத்துகளைப் பெரிதாக எழுதினார். “சேளி,” என்றார். ஆடு. நாங்கள் எல்லோரும் “சேளி” என்று கத்தினோம். என்னைச் சிலேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். “தப்பு,” என்றார். மறுபடி எழுதினேன். மறுபடியும் தப்பு. பதினாறு வருடமாக நான் குழந்தைகளிடம் அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான்காவது தடவை தலையாட்டினார். புத்தகத்தில் அந்த வார்த்தையை நானே கண்டுபிடித்தபோது, “அக்கா, இதா இருக்குதுங்க!” என்று நாற்காலியோடு எழுந்துவிட்டேன். நாற்காலி என்னை விடவில்லை. அக்காதான் பிடித்து இழுத்தார். அதற்கும் போட்டோ.

போட்டோக்களைப் பார்த்து அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது: மிகச் சிறப்பான அமர்வு, புதிய வல்லுநரின் கல்வித் தகுதியைத் தெரிவிக்கவும். பயிற்சியாளர் பெயின்டரிடம் கேட்டார். “அஞ்சாங் கிளாஸ்,” என்றார் அவர். பயிற்சியாளர் சற்று யோசித்து, “முதன்மைக் கல்வி” என்று தட்டி அனுப்பினார்.

அதற்குள் மேஸ்திரி வந்து, சுவர் பாதியில் நிற்கிறது என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். வல்லுநர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு புத்தகம் கேட்டார். ஊரில் தம்பி ஆடு வளர்க்கிறாராம். மழைக்காலத்தில் குட்டிகள் செத்துப்போகின்றனவாம்.

“பெட்டியத் திருப்பி அனுப்பணுமே,” என்று பயிற்சியாளர் இழுத்தார். முதல் முறையாக அவர் முகத்தில் குழப்பத்தைப் பார்த்தேன். என் புத்தகத்தை எடுத்து பெயின்டரிடம் நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். வெளியே போய் ஏணியில் இரண்டு படி ஏறியவர், அங்கேயே நின்று முதல் பக்கத்தைப் புரட்டி, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார். மேஸ்திரி கீழேயிருந்து திட்டிக்கொண்டேயிருந்தார்.