சோத்துக்கை

2024 ஜூன் 16, ஞாயிறு. காலையில் தொட்டிக்கு மோட்டார் போட்டேன், பால் வாங்கி வந்தேன், மழை விடாததால் துவைத்த துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினேன். மாலை ஏழு மணிக்கு மனைவியும் நானும் சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டு போனது. இன்வெர்ட்டரும் சற்று முனகிவிட்டு நின்றது. இருட்டில் புளிக்குழம்பின் வாசனை மட்டும் மேசையைச் சுற்றி நின்றது. நான் தட்டில் கை வைக்கவில்லை. இருட்டில் அந்த வாசனை வந்தால் எனக்குக் கை எழாது.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா ஓட்டல் சமையற்காரர். மாலைச் சாப்பாட்டுக்கு அம்மா ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்கள் உள்ளங்கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பாள். நாங்கள் கட்டைவிரலால் அதில் குழி செய்ய, குழிக்குள் குழம்பை ஊற்றுவாள். "கையில வாங்கித் தின்னாத்தான் ஒட்டும்" என்பது அவள் பேச்சு.

அண்ணன் முருகேசனுக்கு எதற்கும் இடக்கைதான் முந்தும். "சோத்துக்கைய நீட்டுலே" என்று அம்மா தினமும் அதட்டுவாள். ஒரு நாள் அவன் சிரித்துக்கொண்டே, "இந்தக் கைக்கும் பசிக்குதும்மா" என்றான். அன்று ஏதோ கோபத்தோடு வந்திருந்த அப்பா அந்தக் கையில் ஓங்கி அடித்தார். உருண்டை சிதறியது. அண்ணன் எழுந்து வெளியே போனான். போனவன் சங்குமுகத்தில் கடலில் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கரையேறியதைப் பார்த்தவர்கள் இல்லை.

அதன்பின் அம்மா சோறு உருட்டவில்லை. தட்டுகளில் போட்டு வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு எதிரில் அவள் உட்காரவே இல்லை. கழக்கூட்டத்தில் ஒரு ஓட்டலில் வேலையும், பின்னாலேயே வீடும் கிடைத்திருப்பதாக அப்பா சொன்னபோது, வர மாட்டேன் என்றாள்.

"சாப்பிடாம எறங்கிப் போனவன். பசிச்சு வாறப்போ வீடு பூட்டிக் கெடந்தா எங்க போவான்?"

"நீ வரலன்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான் போறேன், கேட்டியா?" என்றார் அப்பா. மறுநாள் காலைக்கு வண்டியும் பேசிவிட்டார். எங்களோடு அம்மா வருவாளா என்று அவளிடம் கேட்க எனக்கும் தங்கை செல்விக்கும் பயம்.

அன்று மாலை தட்டுகளெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டன. வேறு வழியில்லாமல் அம்மா சட்டியில் பிசைந்தாள். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். அந்த வருடங்களில் தினமும் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். முதல் உருண்டை என் கைக்கு வந்ததும் அன்றைய இருட்டும் வந்தது. விளக்கை எங்கே கட்டி வைத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. அம்மா தடவித் தடவி வைத்தாள். எனக்கு, செல்விக்கு, அப்பாவுக்கு.

பிறகு, "சோத்துக்கைய நீட்டுலே" என்றாள்.

பழைய அதட்டலேதான். என் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"யாரைச் சொல்லுத?" என்றார் அப்பா.

அம்மா மிகத் தாழ்ந்த குரலில், "சரி மக்கா, அந்தக் கையிலயே தின்னு" என்றாள். கரண்டி சட்டியில் உரசியது. குழம்பு ஊற்றும் சத்தம் அப்பாவுக்கும் செல்விக்கும் இடையில் கேட்டது. மறுபடியும் உருட்டினாள், மறுபடியும் ஊற்றினாள். யாரோ நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டதாகச் செல்வி இன்றும் சொல்கிறாள். நான் அதைக் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

விளக்கு எரிந்தபோது சட்டி காலியாக இருந்தது. அந்த இடத்தில் நான் குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை.

"செல்வி, நீ ரெண்டு கையும் நீட்டினியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஒத்தக் கைதான். இன்னொரு கையால இவன் சட்டையப் பிடிச்சிருந்தேன்" என்று என்னைக் காட்டினாள்.

அப்பா தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அரை மணி நேர இருட்டு போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. எங்கள் வீட்டில் அவரவருக்கு அவரவர் தட்டு; யாரும் யாரிடமும் கை நீட்டுவதில்லை. அந்த மாலையைப் பற்றி அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் மறுநாள் விடிந்ததும் அவள் முதலில் செய்ததை நான் பார்த்தேன். பழையசோற்றுப் பானையைத் தூக்கிவந்து அப்பாவின் முன்னால் வைத்து, எதிரில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். "எனக்குக் கொஞ்சம் உருட்டிக் குடுங்க. வண்டி வர்றதுக்குள்ள சாப்பிட்டுருவோம்."

ஊருக்கெல்லாம் சமைத்த அப்பாவுக்கு உருட்டத் தெரியவில்லை. சோறு உதிர உதிர அம்மா வாங்கிச் சாப்பிட்டாள்.