கொழும்பிலிருந்து வந்த வால்வுப் பெட்டி

முதலில் வருவது வாசனைதான். சூடேறும் வார்னிஷும், உள்ளே படிந்திருந்த தூசி வறுபடுவதும், மெழுகு இளகுவதும் ஒன்றாய்க் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான், பெட்டியின் பின்பக்கக் கம்பி வலைக்குள் வால்வு என்னும் கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, எங்கோ தூரத்தில் தேனீக்கள் மொய்ப்பதைப் போன்ற மெல்லிய இரைச்சல் கிளம்பும். அதன் பிறகே அப்பா கித்தாரின் கம்பியைத் தொடுவார். அந்தப் பெட்டிக்கு "ஆம்பிளிபயர்" என்று பெயர் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அது பேசும் என்பதை அறிய இன்னும் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பா கொழும்பில் பகலில் ஒரு துணிக் கடையில் கணக்கெழுதினார். மாலையில் ஒரு ஹோட்டலில் ஹவாயன் கித்தார் வாசித்தார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் பிடித்த இரும்புத் துண்டைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் கித்தார் அது. அங்கே கலவரம் வந்து, ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் புதுக்கோட்டை வந்து, ஆவூருக்குப் பக்கத்திலிருந்த அப்பாவின் ஊருக்கு மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் சாமான்களில் பெரியதும் கனத்ததும் அந்தப் பெட்டிதான். அம்மாவுக்கு அவளுடைய தாய் கல்யாணச் சீராகக் கொடுத்த தையல் மிஷின் கொழும்பிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் சுமக்க வழியில்லை.

எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. அதனால் அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. வண்டியிலிருந்து அதை இறக்கும்போதே பெரியப்பா கேட்டார்: "ஏண்டா சூசை, தைக்கிற மிஷின விட்டுட்டு இந்தப் பொட்டியவா தூக்கிட்டு வந்தே?" அப்பா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். அந்தக் கேள்வி அன்றோடு போகவில்லை. கோயில் திருவிழாவுக்கு எங்களுக்குப் புதுச் சட்டை இல்லாதபோதும், கிழிந்த பாவாடையை அம்மா கையால் தைத்துக்கொண்டிருக்கும்போதும் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார்கள். "பொஞ்சாதி பொழப்ப விட்டுட்டுப் பாட்டுப் பொட்டியத் தூக்கிட்டு வந்தவன்" என்பது ஊரில் அப்பாவுக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. அம்மா இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளைக் "கண்டிச்சீமைக்காரி" என்பார்கள்; ஆனால் அந்தச் சொல்லில் ஓர் இரக்கம் இருந்தது. பாவம், ஒன்றுக்கும் உதவாதவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்ற இரக்கம்.

அப்பா பெரியப்பாவோடு கடலைக்காட்டில் வேலை செய்தார். மாலையில் கைகால் கழுவிவிட்டு, கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசிப்பார். அது ஓட்டையில்லாத கட்டைக் கித்தார் என்பதால் பெட்டியோடு இணைக்காவிட்டால் கொசு ரீங்கரிப்பதைப் போலத்தான் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, அந்தக் கொசுச் சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிணற்று மோட்டாருக்காகப் பெரியப்பா மின்சாரம் இழுத்தார். அதோடு வீட்டுக்கும் கம்பி வந்தது. எங்கள் பங்குக்கு இருந்த அறையில் ஒரே ஒரு பல்பு. பிளக் செருகுவதற்குத் தனி இடம் எதுவும் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டிக்கொள்ளும்படியான ஒரு செருகியை அப்பா திருச்சியில் வாங்கி வந்து, பெட்டியை முடுக்கினார். ஒரு குழல் சிவந்தது, இன்னொன்று சிவந்தது. மூன்றாவது இருட்டாகவே இருந்தது. சத்தம் வரவேயில்லை.

கொழும்பில் இந்தப் பெட்டியின் உள்விவகாரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர் அப்பாவோடு வாசித்த ஒரு நண்பர். அப்பா அதைத் திறந்ததே இல்லை. இப்போது முதன்முறையாகத் திருகுகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்தார். அம்மா சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தக் குழல் எதற்கு என்று மூவருமே தெரியாமல்தான் தொடங்கினோம். அணைத்த பிறகும் அது கடிக்கும் என்பதை அப்பா விரலில் பட்ட ஓர் அதிர்ச்சியால் தெரிந்துகொண்டோம். "கரண்டு போயிருச்சு, இன்னும் என்னத்துக்குக் கடிக்குது?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டாள். உள்ளே தகர டப்பாவைப் போல நின்றிருந்த ஒன்று மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருக்கும் என்பதைத் திருச்சி ரேடியோக் கடைக்காரர் சொல்லித்தான் பிறகு அறிந்தோம். கெட்டுப்போன வால்வைப் பழைய புடவைத் துணியில் சுற்றி அப்பா அந்தக் கடைக்குக் கொண்டுபோனார். அதே மாதிரி வால்வு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. கவலையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வால்வு வந்த அன்று, பொழுது சாயும் நேரத்தில், எங்கள் பல்பின் வெளிச்சத்தைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். அப்பா ஸ்டூலில் ஏறி அந்தப் பல்பைக் கழற்றினார். அறை இருண்டது. அம்மா சிம்னி விளக்கை ஏற்றினாள். பெரியப்பாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"எம்புட்டுக் கஷ்டப்பட்டு லைட்டு இழுத்திருக்கேன், அதையும் அணைச்சுட்டியா? மிஷின விட்டுட்டு இத எடுத்துட்டு வந்தியே, அன்னிக்கே தெரியும்டா, நீ குடும்பத்துக்கு ஆக மாட்டேன்னு!"

அப்பா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் சுவிட்சைத் திருப்பினார். அப்போதுதான் அம்மா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். பெரியப்பாவுக்கு எதிரே நின்று அவள் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெரிய மச்சான், இவுகள ஒண்ணும் சொல்லாதீங்க. மிஷின விட்டுட்டு இந்தப் பொட்டிய எடுங்கன்னு சொன்னது நான்தான்."

"நீ பேசாம இரு, புஷ்பம்" என்றார் அப்பா.

"எத்தன வருசமாப் பேசாம இருக்கிறது?" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை. "கலவரத்துல இவுககூட வாசிச்சவரக் கொன்னுட்டாங்க, பெரிய மச்சான். இவுக கண்ணு முன்னாலயே. அதுக்கப்புறம் இவுக வாயத் தெறக்கல. சோறு வச்சா திங்கல. இந்தப் பொட்டிய மட்டும் தடவிக்கிட்டே இருந்தாக. கெளம்புற அன்னிக்குத்தான் வாயத் தெறந்து, இது வேணாம், மிஷினத் தூக்குவோம்னாக. மிஷினு போனா இன்னொரு மிஷினு. இவுக போயிட்டா நான் எங்கிட்டுப் போயித் தேடுவேன்?"

இந்தச் சந்தடியில் பெட்டி தன்பாட்டுக்குச் சூடேறிக்கொண்டிருந்தது. மூன்றாவது குழலும் சிவந்து, அந்த இரைச்சல் மெல்ல எழுந்தது. அப்பா இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்து ஒரே ஒரு சுரத்தை இழுத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தச் சுரம் முதலில் தடுமாறிப் பிறகு நிமிர்ந்து, அறையை நிரப்பி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அப்பா நிறுத்திவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பெரியப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஏன் நிறுத்திட்ட? வாசிப்பா" என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் தையல் மிஷினைப் பற்றிய பேச்சு எழவில்லை. பல மாலைகளில் பெரியப்பாவே வந்து ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் வெற்றிலையோடு உட்கார்ந்துகொள்வார். ஊருக்குள் பேச்சு திசைமாறி, "புருசனுக்காகச் சீர விட்டுட்டு வந்தவ" என்று சிலர் அம்மாவை மெச்சினார்கள். "புத்தி கெட்டவ" என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அத்தனை வருஷமும் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். கம்பிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கம்மா கடல் தாண்டி வாழ வந்தவ. வந்த அன்னிக்கே அவ பேரு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் நிமிர முடியாது. நான் இங்கயே பொறந்தவன். என்னைய வைவாக, மறுநாளு சேந்து சோறு திம்பாக." அம்மாவிடமும் கேட்டேன். "வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒங்கப்பா சத்தியம் வாங்கியிருந்தாக" என்றாள்.

அப்பா எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. அந்த அறைக்குள், எங்களுக்கு மட்டுமே வாசித்தார். வால்வுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போன காலத்தில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. திருச்சிக் கடைகளில் தேடினால் உதட்டைப் பிதுக்கினார்கள். பெட்டி மௌனமாகி ஒன்றிரண்டு ஆண்டுகளில் அப்பாவும் போய்விட்டார். அம்மா அவருக்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். பெட்டியின் பலகைகளைக் கரையான் தின்றுவிட, மிஞ்சிய இரும்பை அவளே பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னாள். கித்தாரைத் திருச்சியில் படிக்கப் போன உறவுக்காரப் பையன் ஒருவன் கொண்டுபோனான். அது திரும்பி வரவில்லை. அந்த வீடும் இப்போது இல்லை. அப்பா வாசித்ததை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அப்படிச் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றக்கூட இல்லை.

கொள்ளுத் தாத்தா என்ன வாசிப்பார் என்று என் பேத்தி கேட்கிறாள். ராகம் எனக்கு முழுக்க நினைவிருக்கிறது, முணுமுணுத்துக் காட்டுகிறேன். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு அவர் கை வழுக்கிப் போகும் அந்த இடம் வரும்போது நின்றுவிடுகிறேன். அது என் தொண்டையில் வருவதில்லை.